துணி கட்டிய கழி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு நான் கூப்பிட்டபோது என் மகள் கைபேசியை எடுக்கவில்லை. அதில் பயப்பட ஒன்றுமில்லை. படம் எடுக்கப் போகும்போது அவள் கைபேசியை ஊமையாக்கிப் பைக்குள் போட்டுவிடுவாள். அசையாமல் உட்கார்ந்து சம்பாதித்ததை ஒரு மணியோசை கெடுத்துவிடும் என்பாள். இருந்தாலும் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எதற்கும் கடிகாரத்தைப் பார்க்கிற ஆள் நான். என் மனைவி அதைச் சொல்லிச் சிரிப்பாள். அன்று பார்த்த அந்த நேரம் மட்டும் எனக்குள் இன்னும் ஓடாமல் நிற்கிறது.

எங்கள் வீடு பழவேற்காடு ஏரிக்கரையில், ஊரின் கடைசி வீடு. பின்கதவைத் திறந்தால் வலை காயப்போடும் மணல். அதைத் தாண்டினால் தண்ணீர். நான் படித்துவிட்டுப் பொன்னேரியில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குப் போனேன். அண்ணன் படகோடு இருந்துவிட்டார். எங்களுக்கு ஒரே மகள். அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு.

கல்யாணங்களுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் கடையை மூடியபோது அவரிடமிருந்து அவளுக்கு ஒரு பழைய கேமரா வாங்கினேன். கைப்பிடியில் ரப்பர் உரிந்திருந்தது. சைக்கிள் டியூபை வெட்டி அந்த இடத்தில் ஒட்டிக்கொடுத்தேன். குளிர்காலத்தில் சென்னையிலிருந்து கார்களில் ஆட்கள் வருவார்கள். கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருப்பார்கள். படகு பிடித்து ஏரிக்குள் போய்ப் பூநாரைகளை எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். அவளுக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை. வீட்டைச் சுற்றியே பார்க்க ஆரம்பித்தாள்.

அண்ணனின் வலைக்கழியில் தினமும் வந்து உட்காரும் மீன்கொத்தி. ஐஸ் கம்பெனிக்குப் போகும் மின்கம்பியில் வரிசையாகப் பச்சைப் பஞ்சுருட்டான்கள். பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனாவில் ஒரு பனங்காடை. உட்கார்ந்திருக்கும்போது மண்ணாங்கட்டி மாதிரி இருக்கும், எழும்பினால் இறக்கை முழுக்க நீலம். முருங்கைப் பூவில் தலைகீழாகத் தொங்கும் ஊதாத் தேன்சிட்டு. பிறந்ததிலிருந்து நான் இவற்றின் கீழே நின்றுதான் பல் துலக்கியிருக்கிறேன். மீன்கொத்தியின் கால் சிவப்பு என்பதை அவள் எடுத்த படத்தில்தான் முதலில் பார்த்தேன்.

ஊரில் கேலி இல்லாமல் இல்லை. மீன் பிடிக்கிற குடும்பத்தில் மீன்கொத்தியைப் பிடிக்க ஒருத்தி பிறந்திருக்கிறாள் என்றார்கள். என் மனைவியே ஒருநாள் தோசை ஊற்றிக்கொண்டே, “இவ கல்யாண ஆல்பத்துல மாப்ளை பக்கத்துல நிக்க மாட்டான், கொக்குதான் நிக்கும்” என்றாள். மகள் திரும்பிப் பார்க்காமல், “கொக்கு சொன்ன எடத்துல நிக்கும்மா, மாப்ளை நிக்கமாட்டான்” என்றாள்.

நான் வைத்த கட்டுப்பாடு ஒன்றுதான். நான் கூப்பிட்டால் அவளுக்குக் கேட்கிற தூரம். அதைத் தாண்டக் கூடாது. பின்வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பேன். எங்கேயோ தாழம்புதர் பக்கத்திலிருந்து ‘ம்’ என்று ஒரு சத்தம் வரும். அதற்காகவே அவசியமில்லாமல் கூப்பிட்ட நாட்கள் உண்டு.

அந்த வருஷம் ஏரி சீக்கிரம் வற்றியது. வீட்டுக்கு நேரெதிரே, முகத்துவாரத்துக்குப் போகும் வழியில், தண்ணீருக்கு மேல் ஒரு சேற்றுத் திட்டு தலைகாட்டியது. எப்போதும் தூரத்தில் நிற்கும் பூநாரைகள் அதைச் சுற்றி வந்து இறங்கின. பின்வாசலிலிருந்து பார்த்தால் தண்ணீரின் ஓரத்தில் யாரோ இளஞ்சிவப்புச் சாயத்தை விரலால் இழுத்த மாதிரி இருக்கும். ஒரு வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் சனிக்கிழமை சாயங்காலம் என்னிடம் வந்தாள்.

“கூப்ட்டா கேக்காது நைனா. ஆனா வூட்லேந்தே தெரியுதே. நீ நின்ன எடத்துலேந்து பாத்துக்கினே இருக்கலாம்.”

கேட்கிற தூரம் கண்ணுக்குத் தெரிகிற தூரமாக மாறியது அப்படித்தான். சரி என்றேன். அவளுக்குத் தோணி தள்ளச் சின்ன வயதிலிருந்தே தெரியும். விடிகாலையில் அண்ணனின் சின்னத் தோணியை எடுத்துக்கொண்டு போனாள். பறவை மிரளக் கூடாது என்று எப்போதும் போடும் சேற்று நிறச் சட்டை. திட்டில் விரித்துப் படுக்க என் பழைய லுங்கி ஒன்று. மூங்கில் கழியை ஊன்றி அவள் தள்ளிக்கொண்டு போவதைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்தேன். பிறகு உள்ளே வந்து செய்தித்தாளைப் பிரித்தேன்.

பத்து நாற்பதுக்கு அவள் எடுக்காதபோது பின்வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது. திட்டு தெரிந்தது. பூநாரைகள் தெரிந்தன. தோணி தெரியவில்லை. திட்டின் ஓரத்தில் ஒரு கழி நட்டிருந்தது. அதன் உச்சியில் ஒரு துணி கட்டியிருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று ஊர்கள் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும். அதற்குப் பாடு என்று பேர். எங்கள் பக்கத்தில், முறை வந்தவர் விடியும்போதே தன் இடத்தில் ஒரு கழியை நட்டுப் பழைய லுங்கியோ புடவைத் துண்டோ கட்டிவிடுவார். அதைப் பார்த்தால் மற்றவர்கள் ஒதுங்கிப் போவார்கள். அடுத்தவர் பாட்டில் கழி நட்டதற்காக மண்டை உடைந்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. நடக்கப் பழகும் குழந்தைகூட எங்கள் ஊரில் துணி கட்டிய கழியைக் கண்டால் திரும்பிவிடும் என்று வேடிக்கையாகச் சொல்வோம்.

அந்த மாதம் அந்தத் திட்டுப் பக்கம் எதிர்க்கரை ஊரின் பாடு. கழியைப் பார்த்ததும், யாரோ முறைக்காரர் வந்துவிட்டார், மகள் மரியாதையாகத் தோணியைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு அவள்மேல் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

இன்னொன்றும் என்னை நம்பவைத்தது. பூநாரைகள் அந்தக் கழியைச் சுற்றியே மேய்ந்துகொண்டிருந்தன. கழுத்தை வளைத்து அலகைச் சேற்றுத் தண்ணீரில் அலசிக்கொண்டு, சாவகாசமாக. பறவை எழும்பினால் ஆள் வந்திருக்கிறது, மேய்ந்தால் ஆள் இல்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். ஆகவே அங்கே ஆள் இல்லை.

கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். அப்படி நின்றது பிறகு ஒரு படத்தில் வந்தது. முன்னால் ஒரு பூநாரையின் தலை, மஞ்சள் கண்ணும் கறுத்த அலகு நுனியும் மயிர் மயிராகத் தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில். பின்னால் கலங்கலாக எங்கள் வீட்டு நீலச் சுவர். சுவருக்கு முன்னால் ஒரு பொட்டு. அந்தப் பொட்டு நான்.

மத்தியானம் சோறு வடித்துவிட்டு மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். இன்னும் வரலியா என்று கேட்டாள். கைபேசியில் மறுபடி மறுபடி அடித்தோம். மணி போய்க்கொண்டே இருந்தது. மனைவி நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவரும் திட்டைப் பார்த்தார், கழியைப் பார்த்தார். “அங்க பாடு வுழுந்துக்கீது. அவ கீழ்ப்பக்கம்தான் போயிருப்பா” என்றார். இரண்டு ஆட்களோடு இஞ்சின் படகை எடுத்துக்கொண்டு, திட்டைச் சுற்றிவிட்டு, வாய்க்கால் வழியாகக் கீழ்ப்பக்கம் போனார். கழிக்குப் பக்கத்தில் அவர் போகவில்லை. முறைக்காரர் போட்ட வலை இஞ்சினில் சிக்கிவிடும் என்று அகலமாக வளைந்து போனதைக் கரையிலிருந்து பார்த்தேன். அது சரியாகத்தான் பட்டது.

பிறகு அண்ணனிடமிருந்து தகவல் வந்தது. தோணி கிடைத்துவிட்டது. வாய்க்கால் ஓரத்தில் நண்டு வலைக் குச்சிகளில் மோதிச் சாய்ந்து நின்றிருக்கிறது. உள்ளே அவள் பை இருக்கிறது. பைக்குள் கைபேசி, நான் கூப்பிட்டதெல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. ஆள் இல்லை. கழியும் இல்லை.

ஆளில்லாத தோணியில் கழியும் இல்லை என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஊன்றும்போது கழி சேற்றில் மாட்டிக்கொள்ளும். விடாமல் பிடித்தவர் கழியோடு தண்ணீரில் விழுவார். தோணி தன்பாட்டுக்குப் போய்விடும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஊரில் இருந்த படகெல்லாம் ஒவ்வொன்றாக வாய்க்காலுக்குப் போயிற்று. நீச்சல் தெரிந்தவர்கள் இறங்கித் துழாவுகிறார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். அங்கே போக நான் எழுந்தபோது, பெண்கள் என்னைப் பிடித்து மனைவி பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவள் அழவில்லை. மணலில் கிடந்த வலை முடிச்சு ஒன்றை எடுத்து நகத்தால் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரித்துவிட்டு அடுத்ததைப் பிரித்தாள்.

என்னால் வாய்க்கால் பக்கம் பார்க்க முடியவில்லை. அதனால் திட்டையே பார்த்தேன். கழி நின்றது. துணி காற்றில் அசைந்தது. ஏற்றம் தொடங்கியிருந்தது, முகத்துவாரம் வழியாகக் கடல்தண்ணீர் உள்ளே வர வர திட்டு சுருங்கிக்கொண்டிருந்தது. பூநாரைகள் இன்னும் கழியைச் சுற்றியே நின்றன. அவற்றின்மேல் எனக்கு ஒரு வெறுப்பு வந்தது. எதுவும் நடக்காததுபோல் இப்படி ஓர் அழகு எதற்கு என்று நினைத்தேன்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் எங்கள் தெருவில் மீன் விற்கும் அம்மாள் கடைசிப் படகில் வந்து இறங்கினார். எதிர்க்கரை ஊரில் ஒரு சாவு, அவருக்குத் தூரத்துச் சொந்தம். சாவு வீட்டில் குளித்த ஈரத்தோடு வந்தவர் கூட்டத்தைப் பார்த்து விசாரித்தார். யாரோ சொன்னார்கள். அவர் வந்து என் மனைவியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். எங்களுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தார். எதிர்க்கரைக்காரர்களிடம் சொல்லி அனுப்பலாம், அவர்களிடம் படகு நிறைய இருக்கிறது என்றார். பிறகு சொன்னார்:

“அவங்க வலைப் படகெல்லாம் கரையிலதான் கீது. பெரியவரு வெடிகாலைலயே போய்ச் சேந்துட்டாரு. ஊர்ல ஒருத்தனும் இன்னிக்கு வலை போடல.”

சாவு விழுந்தால் எடுக்கிறவரை அந்த ஊரில் யாரும் ஏரியில் இறங்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியாததில்லை. நான் அந்த அம்மாளிடம் மறுபடி கேட்டேன். ஒருத்தரும் போகலியா என்று. சாவு வீட்டை விட்டுவிட்டு யார் போவார்கள் என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

அப்படியானால் அந்தக் கழி யாருடையது?

நான் எழுந்து நின்றேன். திட்டுப் பக்கம் கையை நீட்டினேன். மனைவி என் கை போன பக்கம் பார்த்தாள். அவளுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “அது உன் லுங்கி” என்றாள். இத்தனை தூரத்திலிருந்து அவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த அம்மாளை இறக்கிவிட்ட படகும் போய்விட்டிருந்தது, கரையில் ஒரு படகும் இல்லை. எல்லாம் வாய்க்காலில். அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் கேட்டதும் ‘தோ வரேன்’ என்று கைபேசியை வைத்துவிட்டார். ஆனால் அங்கிருந்து வாய்க்கால் வழியாகச் சுற்றித் திட்டுக்கு வர நேரமாகும். நான் இடுப்பளவு தண்ணீர்வரை ஓடினேன். சேறு காலைப் பிடித்ததும் இரண்டு பேர் வந்து பின்னால் இழுத்தார்கள். அங்கே நின்று அவள் பெயரைக் கத்தினேன். கூப்பிட்டால் கேட்காத தூரம் அது.

திட்டு ஏறக்குறைய முழுகிவிட்டது. தண்ணீரிலிருந்து நேராகக் கழி மட்டும் நின்றதுபோல் தெரிந்தது.

அப்போது பூநாரைகள் எழும்பின. எல்லாம் ஒரே சமயத்தில், கழுத்தை நீட்டிக்கொண்டு, இறக்கையின் அடியில் இருக்கும் சிவப்பும் கறுப்பும் விரிய எழும்பின. வானத்தில் ஒரு பக்கம் முழுக்க அந்த நிறமாயிற்று. பறவை எழும்பினால் ஆள் வந்திருக்கிறது. முகத்துவாரப் பக்கத்திலிருந்து ஒரு படகு வேகமாகத் திட்டை நோக்கி வந்தது. அண்ணன் வரவேண்டிய திசை அது இல்லை. படகில் ஆட்கள் நின்றிருந்தார்கள். கையில் கழிகள் இருந்தன. கழியருகே போய்ப் படகு நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருவர் பின் ஒருவராக அவர்கள் தண்ணீரில் குதித்தார்கள். அப்புறம் துணி கட்டிய கழி சாய்ந்தது. அதற்குமேல் படகு மறைத்துவிட்டது.

ஒருவரை உயிரோடு எடுக்கிறார்களா, உடலை எடுக்கிறார்களா என்பது தூரத்திலிருந்து தெரியாது. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். படகு திரும்பி எங்கள் கரையை நோக்கி வரும்வரை நான் மனைவியின் கையைப் பிடித்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்திருந்தாளா என்று நினைவில்லை. இப்போதும் ஏரிக்குள் எங்காவது கழியில் துணி அசைவதைப் பார்த்தால் அந்த நேரம் அப்படியே திரும்ப வருகிறது. முறைக்காரரின் கழிதான் என்று தெரிந்தாலும் யாரையாவது கேட்டு உறுதி செய்யாமல் என்னால் உள்ளே போக முடிவதில்லை.

படகு கிட்டத்தில் வந்ததும் பார்த்தோம். எதிர்க்கரை ஊர் ஆட்கள். எல்லாரும் ஈர வேட்டியில் இருந்தார்கள். அவர்களுடைய இடுகாடு முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மணல் மேட்டில் இருக்கிறது. பெரியவரை அங்கே அடக்கம் செய்து, குளித்துவிட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். படகின் நடுவில், ஒருவர் மடியில் சாய்ந்துகொண்டு, முழங்கால் எது சேறு எது என்று தெரியாமல் என் மகள் உட்கார்ந்திருந்தாள். கேமராவை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மனைவி தண்ணீருக்குள் நடந்துபோய்ப் படகின் விளிம்பைப் பிடித்தாள். மகள் குனிந்து, “அம்மா, நைனா அங்கயே நின்னுக்கினு இருந்துது, என்னையே பாத்துக்கினு இருந்துது” என்றாள்.

நடந்ததெல்லாம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. தோணியைக் கட்டியிருந்த கழியை, சேற்றின் ஆழம் பார்க்க அவள் பிடுங்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். அதற்குப் பதில் தோணியை நங்கூரக் கல்லில் கட்டிவிட்டுப் போனது போதவில்லை. வற்றும் தண்ணீர் தோணியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதைப் பிடிக்க ஓடியபோது இளகிய சேற்றில் தொடைவரை இறங்கிவிட்டாள். அசைந்தால் இன்னும் இறங்கியது. கழியை நட்டு, என் லுங்கியைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டிலிருந்து தெரியும், நைனா பார்ப்பார் என்று நின்றாள். கத்திய கத்தலுக்கு முதலில் எழும்பிய பூநாரைகள், குரல் போய் அவள் அசையாமல் நின்றதும் மறுபடி இறங்கிக் கிட்டத்தில் வந்தன. அவள் ஆசைப்பட்ட தூரத்தைவிடக் கிட்டத்தில். பயம் தெரியாமல் இருக்கத்தான் எடுத்தேன் என்றாள். கேமராவின் நினைவக அட்டையில் இருக்கும் படங்களில் என்னைத் தவிர எதுவும் கலங்கவில்லை. தண்ணீர் கழுத்துக்கு வந்தபோது கேமராவைத் தலைமேல் வைத்துக்கொண்டிருந்தாளாம்.

அவளைத் தூக்கி மணலில் கிடத்திப் பெண்கள் போர்வை சுற்றினார்கள். அண்ணனின் படகும் வந்து சேர்ந்தது. நான் அந்தப் படகுக்காரர்களிடம் போனேன். முன்னால் நின்றவர் என் வயதுக்காரர். அன்றைக்கு மொட்டையடித்த தலை, மேல்துண்டு இல்லை, தோளில் சேறு. இறந்த பெரியவரின் மகன் அவர்தான் என்று மீன் விற்கும் அம்மாள் என் காதில் சொன்னார். நான் கைகூப்பினேன். அவர் என் கையைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துப் பேசினார்.

“எங்க வூட்ல எழவு வுழுந்த நாள் பாத்து எவன்டா எங்க பாட்டுல கழி நட்டதுன்னு அடிக்கத்தான் போனோம்” என்றார். பிறகு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்துச் சொன்னார்:

“இன்னிக்கு எங்க நைனா முறை. அவரு பாட்டுல கெடச்சது இது. பத்தரமா வெச்சிக்கோங்க.”